தலைவர் பேசி முடிக்கும்வரை

கும்பிட்ட கையை இறக்கக் கூடாது. தலைவர் பேசி முடிக்கும்வரை வேட்பாளர் பக்கத்தில் நின்று கும்பிட்டபடியே இருக்க வேண்டும், சிரித்தபடியே இருக்க வேண்டும், பேசக் கூடாது, வேர்வையைத் துடைக்கக் கூடாது. யார் போட்ட சட்டமோ தெரியவில்லை, நான் கட்சிக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான். பிரச்சார வேனின் கூரையைத் திறந்து, உள்ளே ஆளுக்கொரு பலகை போட்டு, இடுப்புக்கு மேலே மட்டும் ஊருக்குத் தெரிகிற மாதிரி நிற்கிறோம், முதலமைச்சரும் நானும். என் பலகை ஆடுகிறது. ஒரு மூலைக்கு அட்டையை மடித்து வைக்கச் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. இடது காலில் பாரத்தைப் போட்டால் வலப்பக்கம் சாய்கிறது, வலது காலில் போட்டால் தலைவர் பக்கம் சாய்கிறது. தலைவர் பக்கம் சாயாதீங்கண்ணே என்று நகரச் செயலாளர் ஜெயக்கொடி காலையிலேயே காதைக் கடித்துவிட்டான். கொஞ்சம் தள்ளியே நில்லுங்க, போட்டோவுல ஒரு ஜாண் இடைவெளி தெரியட்டும், ஜனங்க கண்ணுக்கு நீங்க வேற அவரு வேறன்னு தெரியணும். ஒரு ஜாண் இடைவெளியில் ஒரு தேர்தலை ஜெயிக்க முடியும் என்று நம்புகிறான் பாவம். இந்த வேன் கூரையில் ஒரு ஜாண் தள்ளி நின்றால் விலா எலும்பு இரும்புச் சட்டத்தில் இடிக்கிறது. இடிக்கட்டும். எல்லாம் இன்னும் கொஞ்ச நேரம்தான். அவர் சாதனைகளுக்கே இன்னும் வரவில்லை, பழைய ஆட்சியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார். சட்டைப்பையில் செல்போன் அதிர்கிறது, ஒரு தடவை, நின்றுவிட்டது. சுந்தரவல்லி. வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நேரலையில் நான் சிரிக்கவில்லையென்றால் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள், போன தேர்தலில் ஆரம்பித்த வழக்கம். நீங்க சும்மா இருந்தா உங்க மூஞ்சி எழவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு, ஜனங்க பயந்துருவாங்க என்பாள். சரி, சிரிக்கிறேன். பல் தெரிகிறதா? தெரிகிறது. உதடு காய்ந்து பல்லில் ஒட்டிக்கொள்கிறது.

செல்போனுக்குப் பின்னால், அதே பையில், தலைவர் படம் இருக்கிறது. எங்கள் கட்சியில் மெல்லிய வெள்ளைச் சட்டை தைப்பதே அதற்குத்தான், பையில் தலைவர் சிரிப்பது வெளியே தெரிய வேண்டும். இன்று காலை ஓட்டுக் கேட்கக் கிளம்பும்போது செல்போனைப் படத்துக்கு முன்னால் வைத்தேன். வேண்டுமென்றுதான் வைத்தேன். தெருவில் இறங்குகிற வேட்பாளர்கள் பாதிப் பேர் இப்போது அப்படித்தான் வைக்கிறார்கள் என்று கேள்வி, ஒருத்தர் டைரியை வைக்கிறாராம், ஒருத்தர் கண்ணாடிக் கூட்டை. அவர் வேனில் ஏறியதும் முதலில் என் பையைத்தான் பார்த்தார் என்று எனக்கு ஒரு சந்தேகம். பார்த்தாரா, கண் கூசியதா? தோளைத் தட்டி, இளைச்சுட்டியேய்யா அய்யலு என்றார். அய்யலுசாமி என்கிற என் பேரை அப்படிச் சுருக்கிக் கூப்பிட உலகத்தில் இப்போது அவர் ஒருத்தர்தான் மிச்சம். இளைத்துத்தான் விட்டேன். நடந்து இளைத்தேனா, பயந்து இளைத்தேனா என்று அவருக்கு எப்படிச் சொல்வது. வெயில் மண்டையில் இறங்குகிறது. காலையில் வர வேண்டியவர், மத்தியானம் சாப்பாட்டு நேரமும் தாண்டி வந்தார். அதுவரைக்கும் கூட்டத்தைப் பஸ் ஸ்டாண்ட் முக்கில் பிடித்து வைக்க ஜெயக்கொடி பட்ட பாடு சொல்லி மாளாது. அதில்தான் அந்த விசிறி வெளியே வந்தது.

விசிறிகளைப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன், விசிறிகளைத்தான் பார்க்கிறேன். கூட்டம் முழுக்க வீசிக்கொண்டிருக்கிறது. அட்டை விசிறி, சிவகாசியில் அடித்தது, ஒரு பக்கம் தலைவர், மறுபக்கம் கும்பிட்டபடி நான். கோடைத் தேர்தல், கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குக் கையில் ஒன்று கொடுத்தால் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், அடுப்படியில் கிடந்தாலும் சின்னம் கண்ணில் படும் என்று ஜெயக்கொடிதான் யோசனை சொன்னான், நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன். விசிறிகள் வந்து இறங்கிய வாரத்தில்தான் தலைவர் அந்தப் பேட்டியைக் கொடுத்தார். கரண்டுக் கட்டணத்தை இப்படி ஏற்றிவிட்டீர்களே, ஏழை ஜனங்கள் கோடையில் என்ன செய்வார்கள் என்று யாரோ மைக்கை நீட்டியிருக்கிறார்கள். எங்கம்மா ஆறு பிள்ளைகளையும் ஓலை விசிறியால வீசித்தான் வளத்தா, அன்னைக்கு என்ன கரண்டா இருந்துச்சு, நாங்க வளரலையா என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி காரில் ஏறிப் போய்விட்டார். அந்தச் சிரிப்போடு சேர்த்துத்தான் எல்லாச் செல்போனிலும் ஓடியது. மறுநாள் தெருவில் போனேன், ஆரத்தித் தட்டு இல்லை, வாசலுக்கு வாசல் பெண்கள் ஓலை விசிறியோடு நின்றார்கள். ஒருத்தரும் திட்டவில்லை. வீசினார்கள், அவ்வளவுதான். அன்றைக்கே ஜெயக்கொடியைக் கூப்பிட்டு விசிறிக் கட்டுகளையெல்லாம் கல்யாண மண்டபத்து ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டு, சாவியை என்னிடம் கொடு என்றேன். தூக்கிப் போட முடியாது, எரிக்க முடியாது. தலைவர் முகம் குப்பையில் கிடப்பதை எவனாவது படம் எடுத்துத் தலைமைக்கு அனுப்பினால் எனக்கு எலெக்‌ஷனே இல்லை. எத்தனையோ கட்சிக்காரன் வீட்டுப் பரணில் பழைய காலண்டரும் பேனரும் மக்கிப்போய்க் கிடப்பது அதனால்தான், கொடுக்கவும் வழியில்லை, கொளுத்தவும் வழியில்லை. இன்றைக்கு வெயிலில் கூட்டம் கலையத் தொடங்கவும், வாலண்டியர் பையன்கள் மண்டபத்துக்கு ஓடி, பூட்டை உடைத்து, கட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நல்லது செய்வதாகத்தான் செய்தார்கள். எனக்குத் தெரிந்தபோது தலைவர் வண்டி ரயில்வே கேட்டைத் தாண்டிவிட்டது.

அவர் கவனித்துவிட்டாரா? கவனிக்காமல் எப்படி இருப்பார், முன்னால் கடலாட்டம் அசைகிறதே. தன் முகம் இத்தனை கையில் ஆடுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாரோ என்னவோ. அப்படியும் இருக்கலாம். வயது ஆக ஆக மனிதருக்குத் தன் முகம் எங்கே தெரிந்தாலும் ஒரு சந்தோஷம். கீழே ஜெயக்கொடி வியர்த்து விறுவிறுத்து ஆள் ஆளாகப் போய் விசிறியைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறான், வாங்கி வாங்கிக் கக்கத்தில் இடுக்குகிறான். கொடுத்தவர்கள் சேலைத் தலைப்பால் வீசுகிறார்கள், அது இன்னும் மோசமாக இருக்கிறது. முன்வரிசையில் தடுப்புக் கம்பைப் பிடித்துக்கொண்டு சீனியம்மாள் நிற்கிறாள். அவள் கொடுக்க மாட்டாள். தைரியமான பொம்பளை. வீட்டில் இரண்டு கரண்டுத் தையல் மிஷின் போட்டு நைட்டி தைத்துக் கடைகளுக்குப் போடுகிறாள், இன்று காலை அவள் தெருவுக்குத்தான் முதலில் போனேன். மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து சேர் வாங்கிப் போட்டு உட்காரச் சொன்னாள், மோர் கொடுத்தாள், அதையெல்லாம் செய்துவிட்டுத்தான் சொன்னாள். உங்க மேல ஒண்ணுமில்லண்ணே. ரயிலு நம்மூர்ல நிக்குதுன்னா அது உங்களாலதான், எம் மக காலேஜுக்கு அதுலதான் போறா, அதெல்லாம் மறந்துட்டா சோறு எறங்காது. ஆனா இந்தத் தடவ உங்களுக்குப் போட மாட்டேன். எதுக்கும்மா என்று கேட்டேன், கேட்டிருக்கவே கூடாது. அவருக்கு ஒரு சூடு வைக்கணும்ண்ணே. அவரு ஓட்டுக் கேட்டு வர இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. அதுவரைக்கும் இந்த ஆத்திரத்த நான் எங்க கொண்டுபோயி வைக்க? நீங்கதான இப்ப முன்னால வந்து நிக்கிறீங்க.

மோர் நன்றாக இருந்தது என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது, பெருங்காயம் போட்டிருந்தாள். அங்கிருந்து கிளம்பிய பிறகு தெருத் தெருவாக அதே வாக்கியம்தான். டீக்கடையில் உங்க மேல ஒண்ணுமில்ல எம்.பி.யய்யா. பள்ளிக்கூட வாத்தியார் வாசல்வரை வந்து கையைப் பிடித்து, உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை சார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே தெருக்களில் என்னை யாரென்றே தெரியாது, பையில் இருந்த படத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள். அன்றைக்கும் என் மேல் ஒன்றுமில்லைதான். அலை அடித்தது, நான் கரையேறினேன். இப்போது அது திரும்பிப் போகிறது, என்னையும் இழுத்துக்கொண்டு. நடுவில் நான் ஓடிய ஓட்டமெல்லாம் யார் கணக்கு? டெல்லியில் ஒரு அதிகாரி அறை வாசலில் மணிக்கணக்காக உட்கார்ந்து அந்த ரயிலை நிறுத்த வைத்தேன். மேம்பாலத்துக்கு இரண்டு தூண் எழுந்து நிற்கிறது, அதோ இங்கிருந்தே தெரிகிறது, கம்பி நீட்டிக்கொண்டு. நான் தோற்றால் அது அப்படியே நிற்கும். வருகிறவன் வேறு கட்சி, முதலில் பாலம் இருக்கும் இடமே தப்பு என்பான், இன்னொரு இடத்தில் அடிக்கல் நாட்டுவான், அதற்குள் கம்பி துருப்பிடிக்கும். ஜனங்கள் ரயில்வே கேட் மூடும்போதெல்லாம் அந்தத் தூணைப் பார்த்து என்னைத்தான் திட்டுவார்கள். ரயில் நின்றது மறந்துபோகும், பாலம் நின்றது மறக்காது. எனக்கு ஜெயிக்க வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வேறு எதற்காகவும் இல்லாவிட்டாலும் அந்த இரண்டு தூணுக்கு மேல் ஒரு பலகை விழுவதைப் பார்க்கவாவது ஜெயிக்க வேண்டும். கை வலிக்கிறது. தோள்பட்டையிலிருந்து முழங்கைக்கு ஒரு வலி இறங்குகிறது. பை அதிர்கிறது. சரிம்மா, சிரிக்கிறேன்.

இவர் வந்திருக்கவே வேண்டியதில்லை. அதை நினைத்தால்தான் ஆறவில்லை. நான் அழைக்கவே இல்லையே. தலைமைக் கழகத்தில் பிரச்சாரப் பயணத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் எவ்வளவு பக்குவமாகச் சொன்னேன். இங்க நெலமை நல்லாருக்குங்க, தலைவர் இந்த வெயிலில் அலைய வேண்டாம், எங்கே பலவீனமோ அங்கே போகட்டும். அவரும் பட்டென்று சரி என்றுவிட்டார், அந்தப் பட்டென்ற சரியிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துத் தலைவரே போனில் வந்தார். ஏய்யா அய்யலு, எல்லாத் தொகுதியும் நல்லாருக்காம்ய்யா. ஒருத்தன் பாக்கியில்லாம ஜெயிச்சிருவாங்களாம், யாருக்கும் நான் தேவப்படல. நீயும் அப்படித்தான் சொன்னியாம். சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று நானும் இத்தனை நாளாக யோசிக்கிறேன். தெரிந்து சிரித்தாரா, தெரியாமல் சிரித்தாரா? வீட்டுல சும்மா உக்கார முடியலய்யா, நீ என் ஒடம்பப் பத்தி நெனச்சே பாரு, அதுக்காகவே உன் ஊருக்கு ஒரு நட வந்துட்டுப் போறேன் என்றார். என் வாய் என்ன சொன்னது? வாங்கய்யா, அது எங்க பாக்கியம். மனசு வேண்டாம் வேண்டாம் என்று கதறிக்கொண்டிருக்கும்போதே வாய் சொல்லிவிட்டது. சுந்தரவல்லி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேண்டாம்ங்கிற ஒரு வார்த்த உங்க வாயில வராதா என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வராது. இத்தனை வருஷத்தில் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை, இப்போது நாக்கு எங்கே போய்ப் பழகும்?

குரல் இறங்கிவிட்டது அவருக்கு. முன்னெல்லாம் முதல் வார்த்தைக்கே கூட்டம் எழும், விசில் பறக்கும். இப்போது கைதட்ட வேண்டிய இடங்களில் நிறுத்துகிறார், கைதட்டல் வரவில்லை, எச்சிலை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறார். பக்கவாட்டில் பார்க்கிறேன், கழுத்து நரம்பு துடிக்கிறது. காதோரம் முடிச்சாயம் வேர்வையில் கரைந்து கறுப்பாக ஒரு கோடு இறங்குகிறது, சட்டைக் காலர் வரைக்கும் வந்துவிட்டது. யாராவது துடைத்துவிட்டால் தேவலை. டி.வி.யில் தெரியுமே. தெரியட்டும், எனக்கென்ன, ஒரு ஜாண் தள்ளி நிற்கிறேன். கட்சி எல்லா இடத்திலும் தோற்று, கூட நின்றவர்களெல்லாம் கூடாரத்தை மாற்றிக்கொண்ட அந்த வருஷங்களில், என் பழைய அம்பாசடரில்தான் ஊர் ஊராகப் போவோம். நான் ஓட்டுவேன், அவர் முன்சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே வருவார். கூட்டமே இருக்காது, முப்பது பேரிடம் மூவாயிரம் பேரிடம் பேசுவது மாதிரிப் பேசுவார். அந்த அம்மா கதையை அப்போதுதான் முதலில் கேட்டேன். ஆறு பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைத்து நடுவில் உட்கார்ந்து வீசுவாளாம். வீசிக்கொண்டே தூங்கிப்போவாளாம், தலை தொங்கும், கை மட்டும் நிற்காதாம். தூங்குற கைய்யா அது, ஆனா எங்களுக்குக் காத்து வந்துக்கிட்டே இருக்கும் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வண்டியை ஓரம் கட்டினேன், எனக்கு ரோடு தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. அதே கதைதான். அதே ஓலை விசிறிதான். காருக்குள் சொன்னபோது அழுதேன், பேட்டியில் சொன்னபோது டி.வி.யை அணைத்தேன். கதை கெட்டுப்போகவில்லை, அதற்கு முன்னால் கரண்டுக் கட்டணம் என்று ஒரு கேள்வி இருந்தது, அவ்வளவுதான். இவருக்கு அது ஏன் தெரியவில்லை? கோட்டைக்குள் போனவர்களுக்குக் கேள்வி காதில் விழாது போல, தங்கள் பதில் மட்டும் விழும். யாராவது சொல்லியிருக்க வேண்டும். யார் சொல்வது? நான்தான் பாக்கியம் என்று சொல்கிறவன்.

சாதனைகள் முடிந்துவிட்டன. இனி அந்த இடம்தான். எங்கள் தலைவர் எந்தக் கூட்டத்திலும் கடைசியில் வேட்பாளர் கையைப் பிடித்து மேலே தூக்கி, இவரை டெல்லிக்கு அனுப்புவீர்களா என்று கேட்பார், ஜனங்கள் அனுப்புவோம் என்று கத்த வேண்டும். மூன்று தடவை கேட்பார். போன தேர்தலில் இதே முக்கில் கேட்டார், பஸ் ஸ்டாண்ட் கூரையில் இருந்த புறாவெல்லாம் கிளம்பிவிட்டது, என் உடம்பு மயிர்க்கூச்செறிந்தது. காலையிலிருந்து நான் பயந்துகொண்டிருப்பது தோல்விக்கு அல்ல. தோல்வி அப்புறம் வரும், அதை ஓட்டு எண்ணுகிற இடத்தில் ஒரு ஓரமாக நின்று வாங்கிக்கொள்ளலாம். இந்த நிமிஷத்துக்குத்தான் பயந்தேன். ஜெயக்கொடி ஆள் வைத்திருக்கிறேன், முன்னால் நம் பயல்கள் கத்துவார்கள் என்றான். எங்கே அவர்கள்? விசிறி பிடுங்கப் போய்விட்டார்கள். ஐயோ, எல்லாரும் ஜெயக்கொடியோடு விசிறி பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். கையைப் பிடித்துவிட்டார். அவர் உள்ளங்கை ஈரமாக, சில்லென்று இருக்கிறது. இந்த வெயிலில் ஏன் சில்லென்று இருக்கிறது? என் கை மேலே போகிறது, பலகை அவர் பக்கம் சாய்கிறது, ஒரு ஜாண் போயே போய்விட்டது. என் அருமைத் தம்பி அய்யலுசாமியை டெல்லிக்கு அனுப்புவீர்களா?

விசிறிகள் வீசிக்கொண்டிருக்கின்றன. வேறு ஒன்றும் இல்லை. தூரத்தில் ஒரு பஸ் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், கண்டக்டர் போலாம் ரைட் என்கிறான். சீனியம்மாள் என்னை நேராகப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறாள். உங்க மேல ஒண்ணுமில்லண்ணே. இரண்டாவது தடவை கேட்கிறார். அனுப்புவீர்களா? எங்கோ பின்னாலிருந்து ஒரே ஒரு குரல், அனுப்புவோம், அது ஜெயக்கொடி, தனியாக, தொண்டை கிழிய. அந்த ஒற்றைக் குரல் மௌனத்தைவிடக் கேவலமாக இருக்கிறது. மூன்றாவது தடவை கேட்பார், கேட்காதீங்கய்யா, விட்டுருங்கய்யா. கேட்கவில்லை. என் பக்கம் திரும்புகிறார். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை, பொருட்காட்சிக் கூட்டத்தில் வீட்டு ஆட்களைத் தவறவிட்ட பெரியவர் முகம். என்னிடம் ரகசியமாகக் கேட்கிறார். மைக்கு வேல செய்யுதாய்யா அய்யலு? சத்தமே வரலியே. வாய்க்கு நேரே மைக் இருக்கிறது. அவர் கேட்டது பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கட்டிய அத்தனை ஸ்பீக்கரிலும் போகிறது, கடைத்தெரு முனைவரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி வருகிறது. மைக்கு வேல செய்யுதாய்யா. தன் குரலைத் தானே கேட்கிறார். கேட்டதும் தெரிந்துவிட்டது. மைக் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

முதலில் யாரோ ஒருத்தர் சிரித்தார். அப்புறம் இங்கொன்று அங்கொன்று, அப்புறம் எல்லாரும். கெட்ட சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, வெயிலில் காத்து நின்ற அலுப்பில் சிரித்த சிரிப்பு. அவர் என் கையை விட்டுவிட்டு முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். விட்ட கை பழக்கத்தில் மறுபடியும் கும்பிட்டுக்கொண்டது. கண் செருகுகிறது. பாதுகாப்பு அதிகாரி வேனுக்குள்ளிருந்து தண்ணி, தண்ணி என்கிறார், யாரோ பாட்டிலைத் தேடுகிறார்கள். அவர் மெதுவாக, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, உன்னையும் சேத்துக் கெடுத்துட்டனாய்யா என்று கேட்டார். இதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஆமாங்கய்யா. நாக்கில் தயாராக நிற்கிறது, நான் சொன்னால் யாருக்கும் கேட்காது, அவருக்கு மட்டும் கேட்கும், நியாயமான பதில். கீழே சீனியம்மாளிடம் ஜெயக்கொடி விசிறிக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான், குடுத்துரு அக்கா, குடுத்துரு, கட்சி மானம் போகுது. ஏ விடுப்பா அங்கிட்டு என்று அவனை முழங்கையால் தள்ளிவிட்டு அவள் தடுப்புக் கம்புக்கு அடியில் நுழைந்து வேனை ஒட்டி வந்து விசிறியை எட்டி மேலே நீட்டுகிறாள். இந்தாங்கண்ணே. பெரிய மனுசன் மயங்கி விழுந்துறப் போறாரு, பாத்துக்கிட்டே நிக்கிறீங்க. வீசிவிடுங்க.

கும்பிட்ட கையை இறக்கினேன். குனிந்து வாங்கினேன். வாங்கும்போதே தெரியும், இதுதான் நாளைக்கு எல்லாப் பேப்பரிலும் வரப்போகிற படம். கரண்டுக் கட்டணம் ஏற்றியவருக்கு விசிறி வீசுகிற எம்.பி. இதைத் தாண்டி எதிர்க்கட்சிக்காரன் போஸ்டரே அடிக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு தூணும் கம்பி நீட்டிக்கொண்டு வெயிலில் நிற்கின்றன, நிற்கட்டும். ஜெயக்கொடி தலையில் கை வைத்துக்கொண்டு, வேண்டாம்ண்ணே, வேண்டாம்ண்ணே என்று வாயசைக்கிறான். அவனுக்கு அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வருகிறது. வீசுகிறேன். முகத்துக்கு, கழுத்துக்கு, காலருக்கு. மேல்துண்டால் காதோரத்துக் கறுப்பைத் துடைத்துவிட்டு மறுபடியும் வீசுகிறேன். பாசமா, பழக்கமா, அடிமைப் புத்தியா, எனக்கே தெரியவில்லை, தெரிந்துகொள்ளத் தெம்பும் இல்லை. கூட்டத்தில் சத்தம் அடங்கிவிட்டது. சிரிப்பும் இல்லை, கைதட்டலும் இல்லை. அவர் கண்ணைத் திறக்காமலே, போதும்ய்யா, கை வலிக்கும் என்கிறார். வலிக்கலைங்கய்யா என்கிறேன், பொய் இல்லை, அதுவரை கடுகடுவென்று இருந்த தோள் இப்போது சும்மா இருக்கிறது. காமிராக்கள் நெருங்கி வருகின்றன. இந்த நேரம் என் மூஞ்சி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், எழவு வீட்டுக்கு வந்த மாதிரித்தான் இருக்கும். வீசிக்கொண்டே, பையில் செல்போன் அதிரும் என்று காத்திருக்கிறேன். அதிரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். சுந்தரவல்லி கூப்பிடவே இல்லை.